ஒரே இடத்தில் எழுதுங்கள்!

ஏரல், தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர். சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். பக்கத்துக் கிராம மக்கள் சாமான் வாங்க வருகிற கடைத்தெருவும் உண்டு.

இந்த ஊர் முன்பு ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் இருந்தது. இன்று ஏரலே ஒரு தாலுகா.

மாவட்டமும் மாறியிருக்கிறது. 1986-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை ஏரல், நெல்லை மாவட்டத்து ஊர். 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, நெல்லையில் இருந்து தென்காசியும் பிரிந்தது.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலாசம்தான் மாறுகிறது!

விலாசம் மாறினால், வழி காட்டும் பலகையும் மாறவேண்டும் அல்லவா?

முன்பு அந்தப் பலகை தெருமுனையில் மட்டும் இருந்தது. இப்போது செல்போனுக்குள்ளும் இருக்கிறது. அரசாங்க இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். தலைப்பகுதியில் ஒரு வரிசை தெரியும். முகப்பு, மாவட்டம் பற்றி, துறைகள், சுற்றுலா, ஆவணங்கள் என்று இருக்கும். இதற்கு "மெனு" என்று பெயர். ஓட்டலில் இருக்கிற சாப்பாட்டுப் பட்டியல் போலத்தான். வேண்டியதைத் தொட்டால், அந்தப் பக்கம் திறக்கும்.

ஆயிரம் பக்கங்கள் இருந்தாலும், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இந்த வரிசை இருக்கவேண்டும். இதை எழுதுவது யார்? எப்படி எழுதுகிறார்கள்?

பெயிண்டர் பட்ட பாடு

இணையம் புதிதாக வந்தபோது, பல தளங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவைத் தனித்தனியாகத்தான் எழுதினார்கள்.

இது எப்படி இருக்கும், தெரியுமா? ஏரலில் இருந்து திருநெல்வேலி வரை எல்லா பஸ் நிறுத்தங்களிலும் ஒரே பெயிண்டர் பலகை எழுதுவது போல! புதிதாக ஓர் ஊரைச் சேர்க்க வேண்டும் என்றால், அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் நிறுத்தமாகப் போகவேண்டும். நாலு நிறுத்தம் விட்டுப்போனால், அங்கே பழைய பலகையே நிற்கும்.

அந்தப் பழைய பலகையை நம்பினால் என்ன ஆகும்? ஏரல் தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டியவர் ஸ்ரீவைகுண்டத்தில் போய் நிற்பார். பஸ் காசு போகும். ஒரு நாள் கூலியும் போகும்.

எந்திரம் எழுதும் பலகை

இப்போது அந்தச் சிரமம் தேவை இல்லை. இணையத்தளம் நடத்துவதற்கென்றே மென்பொருள்கள் வந்துவிட்டன. "வேர்ட்பிரஸ்" என்பது அவற்றில் ஒன்று. 2003-ம் ஆண்டு பிறந்தது. 2010-ம் ஆண்டு வந்த அதன் 3.0 பதிப்பில், மெனு தயாரிக்க ஒரு தனி இடம் வைத்தார்கள்.

பட்டியலை அந்த இடத்தில் ஒரு தடவை எழுதினால் போதும். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், மென்பொருள் அந்தப் பட்டியலை எடுத்து, பக்கத்தின் தலையில் வைத்துக் கொடுக்கும். ஒரு வரியைத் திருத்தினால், எல்லாப் பக்கங்களும் திருந்தும்.

தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003-ம் ஆண்டு தொடங்கிய கலைக்களஞ்சியம். அதில் 1,50,000-க்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான மெனு, ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தால், ஒன்றரை லட்சம் கட்டுரைகளிலும் தெரியும்!

தனித்தனி அடுப்பு

ஒரு தளத்துக்கு இது சரி. பல தளங்கள் இருந்தால்?

தேசிய தகவலியல் மையம், அரசாங்கத் தளங்களுக்காக "எஸ்-3-வாஸ்" என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. தூத்துக்குடி உட்பட நாட்டின் பல மாவட்டத் தளங்கள் அதில்தான் இருக்கின்றன. அதனால், ஒரு மாவட்டத் தளத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இன்னொரு மாவட்டத் தளத்தில் கண்ணைக் கட்டி விட்டது போல இருக்காது. இது நல்ல காரியம்.

ஆனால் பல தளங்களை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்தால் மட்டும், மெனு ஒன்றாகிவிடாது. வேர்ட்பிரசில் பல தளங்களைச் சேர்த்து நடத்தலாம். அப்போதும் ஒவ்வொரு தளத்துக்கும் மெனு தனிதான். வீடு ஒன்று, அடுப்பு தனித்தனி! பொது மெனு வேண்டும் என்றால், மற்ற தளங்கள் எல்லாம் தலைமைத் தளத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும்படி தனியாக ஏற்பாடு செய்யவேண்டும்.

மொழியிலும் இதே கதை. தமிழுக்கு ஒரு பட்டியல், இங்கிலீசுக்கு ஒரு பட்டியல். இங்கிலீசில் புதிய வரியைச் சேர்த்துவிட்டுத் தமிழை மறந்துவிட்டால், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்த வரியே இல்லை. இரண்டு பட்டியலும் மாட்டு வண்டியின் இரண்டு சக்கரம் போல, சேர்ந்தே உருளவேண்டும்.

ஒரு தப்பு, ஆயிரம் தப்பு

"ஒரே இடத்தில் தப்பாக எழுதிவிட்டால், எல்லாப் பக்கங்களும் தப்பாகுமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பானையில் உப்பு கூடினால், எல்லா இலையிலும் கரிக்கும்.

அதற்காக ஒவ்வொரு இலைக்கும் தனியாகவா உலை வைக்கிறோம்? இறக்கும் முன் ருசி பார்க்கிறோம். அதைப் போல, ஒருவர் எழுதவேண்டும். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே வெளியிட வேண்டும். தப்பு நேர்ந்தாலும், ஒரே இடத்தில் திருத்திவிடலாம். சிதறிக் கிடக்கும் தப்பைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம்.

வெள்ளம் வந்த நாள்

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் பாலத்தை ஒட்டிய ரோடு அடித்துச் செல்லப்பட்டது. ஊர்கள் துண்டிக்கப்பட்டன.

அத்தகைய நாளில், கரண்ட் இல்லாத ஊரில் யார் இணையத்தளம் பார்ப்பார்கள்? ஆனால் சென்னையிலும், மும்பையிலும், துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள். "அம்மா எப்படி இருக்கிறாள்? யாருக்குப் போன் செய்வது?" என்று துடிப்பார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த எண்கள் சுற்றுலாப் பக்கத்திலும் தெரியவேண்டும், துறைகள் பக்கத்திலும் தெரியவேண்டும். மெனு ஒரே இடத்தில் இருந்தால், இது ஒரு நிமிட வேலை!

மக்கள் சொல்லும் சொல்

எல்லோருக்கும் தெரிகிற பட்டியல், எல்லோருக்கும் புரியவும் வேண்டும். "ஆவணங்கள்" என்பது ஆபீஸ் பேச்சு. பட்டா, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்பது மக்கள் பேச்சு. மக்கள் தேடி வருவதை முதலில் வைக்கவேண்டும்.

வரிசையும் பக்கத்துக்குப் பக்கம் மாறக்கூடாது. உலக இணைய விதிகள் 2008-ம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டன. கண் தெரியாதவர்கள், கருவி படித்துச் சொல்வதைக் காதால் கேட்டுத்தான் இணையத்தில் வழி தேடுகிறார்கள். வரிசை மாறினால் அவர்கள் தடுமாறிப் போவார்கள்.

தளம் நடத்துகிறவர்கள் மூன்று காரியங்களைச் செய்யட்டும். பட்டியலை ஒரே இடத்தில் வையுங்கள். தமிழையும் இங்கிலீசையும் சேர்த்தே திருத்துங்கள். ஒரு தாலுகா பிறந்தால், அன்றைக்கே அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

அந்த ஒரு வரி, ஓர் ஏழையின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்!