முகமறி கருவியும் நம் முகங்களும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்திக் கொல்லையிலும் சுண்ணாம்புக்கல் அகழ்விடத்திலும் உழைத்துக் கறுத்த தாயொருத்தி, தன் மகவுக்குரிய ஊட்டமாவைப் பெறக் குழந்தைகள் நடுவத்திற்குச் சென்றால், அவளை நாளும் காணும் ஊழியரின் கண் இக்கால் போதாது. கைப்பேசியும் அவள் முகத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2025 சூலை முதல் நடுவணரசு இம்முறையைக் கட்டாயமாக்கியது. அச்செயலிக்கு இட்ட பெயர் 'போசன் டிராக்கர்'! வடமொழியும் ஆங்கிலமும் முட்டிக்கொள்ளும் பெயர். அது கிடக்கட்டும்.

முகமறி நுட்பத்தை யாம் பழிக்கவில்லை. மென்பொருள் முகத்தின் கூறுகளை எண்வரிசையாக்கி, முன்பே பதிந்துள்ள எண்வரிசையோடு ஒப்பிடுகிறது. கைப்பேசியே போதும், தனிக்கருவி வேண்டா, ஆதலின் செலவு குறைவு. கல்லிலும் மண்ணிலும் விரல்வரி தேய்ந்தார்க்கு இஃது உதவியே. 2021 நவம்பர் முதல் நடுவணரசின் ஓய்வூதியர் வீட்டிலிருந்தே முகங்காட்டி வாழ்வுச் சான்று பதிய முடிகின்றது.

ஆனால், எவர் முகங்களைக் கொண்டு பயிற்றினரோ அவர் முகங்களையே கருவி செவ்வையாக அறியும். முகங்கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை 2018-இல் அமெரிக்காவில் ஆய்ந்தனர். வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிரிடத்தோ 34.7 விழுக்காடு வரை சென்றது! 2019-இல் அந்நாட்டுத் தரநிலை நிறுவனம் 189 மென்பொருள்களை ஆய்ந்தது. பலவற்றில், ஒருவரை மற்றொருவராகக் கொள்ளும் பிழை ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் பன்மடங்கு மிகுந்திருந்தது. ஆசிய நாடுகளிலேயே ஆக்கப்பெற்ற சிலவற்றில் ஆசியர்க்கு அவ்வேற்றுமை அத்துணைப் பெரிதாக இல்லை. குறை நிறத்தில் இல்லை, பயிற்றியவர் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மலிவு என்பதை எவர் பக்கம் நின்று கணக்கிடுவது? முகம் பொருந்தாமலோ அலைவரிசை கிட்டாமலோ திரும்பும் தாய், மறுநாளும் வேலையை விட்டு வந்தால் ஒருநாட் கூலி போயிற்று. அரசின் செலவேட்டில் அக்கூலிக்கு இடமில்லை. பதிந்த முகங்களைக் காக்கும் செலவும் உண்டு. தமிழ்நாட்டுக் காவல்துறையின் முகமறி தளத்தில் 2024 மே திங்களில் அயலார் ஊடுருவினர். கடவுச்சொல் களவு போயின் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்ஙனம் மாற்றுவது?

நம் பல்கலைக்கழகங்களில் கணிப்பொறித் துறைகள் உள. இவ்விரு மாவட்ட மக்களின் இசைவு பெற்று, வெயிலிலும் குடிசையின் மங்கலொளியிலும் இக்கருவியை அவை ஆய்ந்து, பிழையளவைத் தமிழில் வெளியிடட்டும். அதுவரை, முகம் பொருந்தாவிடத்து ஊழியர் கையெழுத்திட்டு அன்றே மாவு வழங்கத் தமிழ்நாட்டரசு ஆணையிடல் வேண்டும்.