கடனா, வரியா?

இங்கிலாந்தில் 1962-ம் வருஷச் சட்டப்படி சர்வகலாசாலை மாணாக்கரின் கட்டணத்தைப் பொதுப்பணமே ஏற்றுவந்தது. 1998-ல், பெற்றோரின் வசதிக்கேற்ப 1,000 பவுன் வரை வசூலிக்கத் தொடங்கினர். 2006-ல் உச்சவரம்பு 3,000 ஆயிற்று. 2012-ல் 9,000 ஆயிற்று.

இதற்குச் சர்க்கார் கடன் கொடுக்கிறது; உத்தியோகம் கிடைத்த பின்னர் வருமானத்திற்குத் தக்கபடி திருப்பினால் போதும்; ஆகவே ஏழைக்கு வாசல் அடைபடவில்லை என்பது ஆதரிப்போர் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. வருமானம் குறைந்தால் தவணையும் நின்றுவிடுகிறது.

ஆனால் பத்திரத்தின் பெயரைப் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. ஷரத்துக்களைப் பார்க்க வேண்டும். 2023-ல் புதிதாகச் சேர்ந்தோர் முதற்கொண்டு, 25,000 பவுனுக்கு மேற்பட்ட வருமானத்தில் நூற்றுக்கு 9 வீதம் பிடிக்கும் ஏற்பாடு வந்தது. 30 வருஷக் கெடு 40 ஆயிற்று. தகப்பனார் பணத்தால் கட்டணத்தை அன்றே கட்டியவன் இப்பாரத்தை அறியான். பெருவருமானக்காரன் விரைவில் தீர்த்துவிடுவான். நடுத்தர வருமானமுள்ள உபாத்தியாயரோ தலை நரைக்கும்வரை செலுத்த நேரும். பெயர் கடன், நடப்பில் இது, தகப்பனாரிடம் பணமில்லாத குற்றத்திற்கு விதித்த வரி!

இதனினும் கொடியது 2016-ல் செய்த மாறுதல். ஏழை மாணாக்கரின் ஜீவனத்திற்கு அளித்த மானியம் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டு, அதுவும் கடனாக்கப்பட்டது. விளைவு யாது? வீட்டில் வருமானம் குறையக் குறைய வாங்க வேண்டிய கடன் கூடிற்று. பட்டத்தோடு மிகப் பெரிய கடனையும் சுமந்து வெளியேறியவன் ஏழையே.

வாசலைத் திறந்துவைப்பது பாதி நியாயமே. கடன் முறை இருப்பதானால் இருக்கட்டும். ஆனால் எளியோரின் ஜீவன மானியம் மானியமாகவே இருத்தல் வேண்டும். நுழையும்போது சமத்துவம் பேசி, வெளியேறும்போது ஏழையின் தோளில் மட்டும் அதிகச் சுமையேற்றும் ஏற்பாட்டைச் சீர்திருத்தம் என்று நாம் ஒப்புக்கொள்ள இயலாது.