கென்னடி காலத்து விலைப்பட்டியல்

அமெரிக்க முதியவர்களிடையே ஒரு விலைப்பட்டியல் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1962-ல் ஒரு காலன் பெட்ரோல் 31 சென்ட். மெக்டொனால்ட்ஸ் பர்கர் 15 சென்ட். அஞ்சல்தலை 4 சென்ட். சாதாரண வீடு ஒன்று 12,000 டாலர். அடியில், ‘அது ஒரு பொற்காலம்’ என்று ஒரு வரி. எண்களில் பொய் இல்லை. ஆனால், இரண்டு தகவல்கள் வசதியாக விடுபட்டிருக்கின்றன. அந்தக் காசைச் சம்பாதிக்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருந்தது? காசை நீட்டிய எல்லோருக்கும் பொருளைக் கொடுத்தார்களா?

முதல் கேள்விக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். அமெரிக்க அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 1960-ல் மணிக்கு ஒரு டாலர். அது 1961-ல் 1.15 டாலராகவும், 1963-ல் 1.25 டாலராகவும் உயர்ந்தது. ஒன்றேகால் டாலருக்கு நான்கு காலன் பெட்ரோல் போடலாம். இன்றைய கூலி 7.25 டாலர், 2009-க்குப் பிறகு அதை உயர்த்தவே இல்லை. காலன் மூன்று டாலர் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை காலன்கூடத் தேறாது. அப்படியானால் அன்று மலிவுதானே? அவசரப்பட வேண்டாம். டெட்ராய்ட் தொழிற்சாலைகளிலிருந்து வந்த அந்தக் கப்பல் போன்ற கார்கள் காலனுக்குச் சராசரியாக 14 மைல்தான் ஓடின. இன்றைய வண்டிகள் 22 மைல் ஓடுகின்றன. ஒரு மணி நேரக் கூலி அன்று ஒருவரை 56 மைல் தூரம் கொண்டுபோய் விட்டது. இன்று ஏறக்குறைய 53 மைல். பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

சில பொருள்களோ அன்று யானை விலை. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏறக்குறைய 500 டாலர். 1963-ன் குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர் பத்து வாரச் சம்பளத்தை, வாடகை கொடுக்காமல் வயிற்றையும் காயப்போட்டு, அப்படியே எடுத்துவைத்தால் வாங்கலாம். பெட்டியைத் தயாரித்தது ஆர்.சி.ஏ. நிறுவனம். அதன் கையிலிருந்த என்.பி.சி. அலைவரிசை ‘பொனான்ஸா’ என்ற கௌபாய்த் தொடரை வண்ணத்தில் ஒளிபரப்பியது. தொடரைப் பார்த்து ஏங்குகிறவர்கள் பெட்டியை வாங்குவார்கள் என்பது கணக்கு. ஏங்கினார்கள்தான். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொடர் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. இன்று விலைப்பட்டியலைப் பகிர்கிறவர்கள் தொலைக்காட்சியின் விலையை அதில் சேர்ப்பதே இல்லை.

பொறாமைப்பட வேண்டியவை உண்மையில் வேறு. 1960 கணக்கெடுப்பின்படி நடுத்தர வீட்டின் மதிப்பு 11,900 டாலர். நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 5,600 டாலர். இரண்டு ஆண்டு வருமானத்துக்குச் சற்று மேலே போனால் ஒரு வீடு. இன்று அது ஏறக்குறைய நான்கு ஆண்டு வருமானம். அதிலும் கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்து மாணவர்களிடம் படிப்புக்கென்று கட்டணமே வாங்கவில்லை. சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான். ஆக, அன்று பெட்டி விலை அதிகம், படிப்பு விலை குறைவு. இன்று தலைகீழ்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவென் இருவரும் நாடகம், இசை போன்ற கலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து 1966-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் செய்யும் பெட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடும். ஆனால், நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை இருவரைக் கொண்டு நடத்த முடியாது. பாதி நேரத்தில் முடிக்கவும் முடியாது. அதற்காக இசைக்கலைஞரின் சம்பளம் பழைய இடத்திலேயே நிற்குமா? ஊரோடு சேர்ந்து அதுவும் ஏறியாக வேண்டும். ஆசிரியர், செவிலியர், முதியோரைப் பராமரிப்பவர் எல்லோருக்கும் இதே கணக்கு. பொருள் மலிந்துகொண்டே வரும்; ஆள் செய்யும் வேலையின் விலை ஏறிக்கொண்டே போகும்.

இது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி அரசியல். கலிஃபோர்னியாவில் படிப்பு இலவசமாக இருந்ததற்குக் காரணம், மாநில அரசு வரிப்பணத்தைக் கொட்டியது. வீடு எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம், வங்கிகள் தந்த நீண்டகாலக் கடனுக்கு வாஷிங்டன் உத்தரவாதம் கொடுத்தது. உச்ச வருமான வரி அன்று 91 விழுக்காடு என்பதை இடதுசாரி நண்பர்கள் அடிக்கடி நினைவூட்டுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலக்குகளும் ஓட்டைகளும் போக, அதை முழுதாகக் கட்டியவர்கள் சொற்பம்.

விலைகளும் தாமாக அடங்கிக் கிடக்கவில்லை. 1962 ஏப்ரல் 10 அன்று யு.எஸ். ஸ்டீல் தலைவர் ரோஜர் ப்ளாவ் வெள்ளை மாளிகைக்கு வந்து, எஃகு விலையை டன்னுக்கு 6 டாலர் ஏற்றப்போவதாக எழுதிய அறிவிப்பை அதிபர் கென்னடியின் கையில் கொடுத்தார். சில நாள்களுக்கு முன்புதான், பெரிய கூலி உயர்வு கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி தொழிற்சங்கத்தைச் சம்மதிக்கவைத்திருந்தார் கென்னடி. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப்போனார். ராணுவ ஒப்பந்தங்களை வேறு நிறுவனங்களுக்குத் திருப்புவோம் என்ற மிரட்டல், நீதித் துறை விசாரணை, இவை போதாதென்று விவரம் கேட்டு விடியற்காலை மூன்று மணிக்குச் செய்தியாளரை எஃப்.பி.ஐ. ஆள்கள் தட்டி எழுப்பிய கூத்து. 72 மணி நேரத்தில் விலை உயர்வு திரும்பப் பெறப்பட்டது. விலைவாசி ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவே ஏறிய காலத்தில்கூட அது தானாக நிற்கும் என்று அதிபர் நம்பியிருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1960 பிப்ரவரி 1, திங்கள்கிழமை மாலை. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் உள்ள உல்வொர்த் கடைக்குள் நான்கு கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். நால்வரும் கறுப்பினத்தவர், முதலாண்டு படிப்பவர்கள். பற்பசை, நோட்டுப் புத்தகம் என்று சில்லறைச் சாமான்கள் வாங்குகிறார்கள். காசைக் கொடுத்து, மறக்காமல் ரசீதும் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அதே கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குப் போய், நீள மேடை முன்னே இருந்த உயரமான இருக்கைகளில் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். இங்கே உங்களுக்குப் பரிமாறுவதில்லை என்று பதில் வருகிறது. ரசீதின் உபயோகம் இப்போதுதான் தெரிகிறது. பற்பசைக்கு வாங்கிய காசு காபிக்கு மட்டும் ஏன் செல்லாது?

கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கூட்டம் பெருகியது. வாரக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மாதக் கணக்கில் வியாபாரம் படுத்தது. ஜூலை 25 அன்று நிர்வாகம் இறங்கிவந்தபோது, அந்த மேடையில் முதன்முதலாக உட்காரவைத்துப் பரிமாறப்பட்ட கறுப்பினத்தவர் நால்வரும் அந்தக் கடையின் ஊழியர்களே. சீருடையைக் கழற்றிவிட்டு வேறு உடையில் வந்து உட்காரச் சொன்னார்கள். கவனியுங்கள், கடை அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துவந்தது. அந்தச் சம்பளத்தில் அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட மட்டும் அதுவரை இடமில்லை. அந்தக் காலத்தில் காபி பத்து சென்ட் என்று பட்டியல் சொல்கிறது. சரிதான்.

வீட்டுக் கணக்கிலும் இதே கதை, இன்னும் பெரிய தொகையில். கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் தருவதை அரசின் வீட்டுவசதி நிர்வாகம் 1930-களிலிருந்தே தவிர்த்துவந்தது. ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டால் இதை ஒழிக்கலாம் என்று 1960 தேர்தலில் பேசியவர் கென்னடி. பதவிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியும் கையெழுத்து வரவில்லை. பொறுமையிழந்தவர்கள் வெள்ளை மாளிகைக்குப் பேனாக்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். 1962 நவம்பர் 20 அன்று ஆணை பிறந்தது; ஏற்கெனவே கட்டி விற்ற வீடுகளை அது தொடவில்லை. 12,000 டாலருக்கு வாங்கிய வீட்டின் மதிப்புதான் பின்னாளில் பேரப்பிள்ளைகளின் படிப்பாகவும் தொழில் முதலாகவும் மாறியது. அந்த வரிசையில் நிற்கவே விடாதவர்களுக்கு அது எதுவாகவும் மாறவில்லை. இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம்மவர்களுக்கும் ஒரு தகவல்: 1965-ல் சட்டம் மாறும்வரை, இந்தியாவிலிருந்து அங்கே குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு இருந்தது.

இதெல்லாம் அன்றைய அமெரிக்கர்களுக்குத் தெரியாதா? தெரியும்; ஆனால் பெரும்பாலானோர் கண்ணில் படவில்லை. பத்து வீடுகளில் ஒன்பதில் தொலைக்காட்சி இருந்தது. நாடு முழுவதற்கும் மூன்றே பெரிய அலைவரிசைகள். மாலைச் செய்தி, விளம்பரங்களையும் சேர்த்து, 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில் விண்வெளியும் கியூபாவும் பெர்லினும் போக மிச்சம் என்ன இருக்கும்? ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ 1961 மே மாதம் ஒளிபரப்பாளர்களின் கூட்டத்தில், ஒரு நாள் காலைமுதல் நள்ளிரவுவரை உங்கள் அலைவரிசை முன்னால் உட்கார்ந்து பாருங்கள், பாழ்நிலம்தான் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர்கள் பழையபடி வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள். மறு ஆண்டே, எண்ணெய் கிடைத்துத் திடீர்ப் பணக்காரர்களான மலைநாட்டு ஏழைக் குடும்பம் ஒன்று பெவர்லி ஹில்ஸ் மாளிகையில் செய்யும் அசட்டுத்தனங்களைக் காட்டிய ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ நாட்டின் முதலிடத்துத் தொடரானது. மலைநாட்டு வறுமை வரவேற்பறைக்குள் வந்தது, சிரிப்பாக.

சிரிப்பில்லாத மலைநாடு எப்படி இருந்தது என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவின் மெக்டொவல் மாவட்டம் சாட்சி. நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் இறங்கியதால் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்தார்கள். 1960-ல் கட்சி வேட்பாளர் தேர்தலுக்காக அந்த மாநிலத்தில் அலைந்த கென்னடி, பதவியேற்ற மறுநாள் போட்ட முதல் ஆணை ஏழைகளுக்கான உணவு வழங்கலை விரிவாக்குவது பற்றியதுதான். 1961 மே 29 அன்று, அந்த மாவட்டத்தின் வெல்ச் நகரில் புதிய உணவுக் கூப்பன் திட்டம் தொடங்கியது. முதலில் கூப்பன் பெற்றது 15 பேர் கொண்ட ஒரு குடும்பம். 95 டாலர் மதிப்பு. விவசாய அமைச்சரும் நிருபர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் முதலில் வாங்கியது பன்றிக்கறி சேர்த்து வேகவைத்த அவரை, ஒரு டின். அதற்கு ஓராண்டு முன்புதான், களஞ்சியங்களில் வைக்க இடமில்லாத கோதுமையில் 1.6 கோடி டன்னை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தது அதே அமெரிக்கா.

மைக்கேல் ஹாரிங்டன் 1962-ல் ‘தி அதர் அமெரிக்கா’ நூலை எழுதியபோது, நான்கிலிருந்து ஐந்து கோடி ஏழைகள் இருப்பதாகக் கணக்கிட்டார். நம்ப மறுத்தவர்கள் பலர், ஏனென்றால் எண்ணிப்பார்க்க அரசிடம் அளவுகோலே இல்லை. 1963 செப்டம்பரில் சி.பி.எஸ். அலைவரிசை தன் மாலைச் செய்தியை 30 நிமிடமாக்கியது. அதற்குள் பர்மிங்ஹாமில் கறுப்பினச் சிறார்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியதையும் தண்ணீர் பீய்ச்சி அடித்ததையும் நாடு பார்த்துவிட்டது. நாயும் தண்ணீர்க் குழாயும் படத்தில் விழும். காலியான சமையலறையைப் படம்பிடித்துக் காட்டுவது கடினம். அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது.

அந்த எண்ணைத் தந்தவர், சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மாலி ஒர்ஷான்ஸ்கி. 1955-ல் எடுத்த ஆய்வின்படி குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. எனவே, மிகச் சிக்கனமான உணவுக்கான செலவை மூன்றால் பெருக்கினார். நால்வர் குடும்பத்துக்கு 1963-ல் 3,100 டாலர் சொச்சம் வந்தது. அதற்குக் கீழே இருப்பவர் ஏழை. இந்தக் கோலால் பின்னோக்கி அளந்தபோது, 1959-ல் அமெரிக்கர்களில் 22 விழுக்காட்டினர் ஏழைகள். கறுப்பினத்தவரில் 55 விழுக்காடு.

ஒர்ஷான்ஸ்கியின் அளவுகோல் அன்று ஒரு சாதனை. சிக்கல், அதை அப்படியே வைத்திருப்பதுதான். அமெரிக்கக் குடும்பங்கள் இன்று வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அளவைத்தான் உணவுக்குச் செலவிடுகின்றன. வாடகையும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும்தான் மீதியை விழுங்குகின்றன. ஆனாலும் அதிகாரபூர்வ வறுமைக்கோடு, 1963-ன் மளிகைக் கணக்கை விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் ஏற்றி எழுதுவதுதான். அதைத் திருத்தினால் ஏழைகளின் எண்ணிக்கை கூடிவிடும். தன் ஆட்சியில் அது நடக்க எந்த அதிபரும் விரும்பவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2011 முதல் மாற்று அளவுகோல் ஒன்றையும் வெளியிட்டுவருகிறது. உணவுக் கூப்பனும் ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் யாருக்கு என்று தீர்மானிக்க மட்டும் இன்றும் கென்னடி காலத்துக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள்.