வந்த முதலீடும் தங்கிய அறிவும்

பேரங்காடியில் தொங்கும் சட்டைகளின் கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்த்தால், உட்புறம் தைக்கப்பட்டிருக்கும் சிறு துணுக்கில் ‘வங்காளதேசத்தில் தயாரிக்கப்பட்டது’ எனும் வரியை அடிக்கடி காணலாம். உலகில் மிக அதிகமாக ஆடை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் வங்காளதேசமும் ஒன்று. அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கு ஆடைகளிலிருந்தே கிடைக்கிறது. ஏறத்தாழ 40 இலட்சம் பேர் இத்தொழிலில் வேலை செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

ஆனால், 1971ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது அந்நாட்டில் ஏற்றுமதி ஆடைத்தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. சணலே அதன் முதன்மை ஏற்றுமதிப் பொருள். போரால் சிதைந்திருந்த அந்நாடு, 1974இல் கொடிய பஞ்சத்தையும் சந்தித்தது. அத்தகைய நாடு இந்நிலையை எட்டியது எப்படி? வெளிநாட்டு வணிகமும் முதலீடும் வறிய நாடுகளை உயர்த்துமா, சுரண்டுமா எனும் நெடுநாள் விவாதத்திற்கு வங்காளதேசத்தின் கதை நல்ல பாடமாக அமைகிறது.

1974இல் உலக ஆடை வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று நடப்புக்கு வந்தது. அதன்படி, அமெரிக்கா, ஐரோப்பா போன்ற செல்வந்த நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்கும் ஆடைகளுக்கு அளவு வரம்பு விதித்தன. தென்கொரியா போன்ற நாடுகள் தங்கள் வரம்பை எட்டிவிட்டதால், வரம்பு இன்னும் தீராத நாடுகளைத் தேடின. அவ்வாறு தேடிய நிறுவனங்களுள் தென்கொரியாவின் டேவூ ஒன்றாகும். முன்னாள் அரசு அதிகாரியான நூருல் காதர் சிட்டகாங் நகரில் தொடங்கிய ‘தேஷ் கார்மெண்ட்ஸ்’ நிறுவனத்துடன் டேவூ 1978இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அவ்வொப்பந்தத்தின் சிறப்பு, அதில் அடங்கியிருந்த பயிற்சியே ஆகும். 1979இல் 130 வங்காளதேசிகள் தென்கொரியாவுக்கு அனுப்பப்பட்டனர். துணியை வெட்டுவது, தைப்பது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வணிகருடன் பேசி விற்பது என அனைத்தையும் அவர்கள் ஏறக்குறைய ஆறு மாதங்கள் அங்கேயே கற்றனர். நாடு திரும்பியவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர், அடுத்த சில ஆண்டுகளில் தேஷ் நிறுவனத்தை விட்டு விலகிச் சொந்த ஆலைகளைத் தொடங்கினர் அல்லது புதிய ஆலைகளை நடத்தச் சென்றனர். அந்நிறுவனத்திற்கு அது இழப்பாக இருக்கலாம். நாட்டிற்கோ அதுவே பெரும் பேறாயிற்று. ஓர் ஆலைக்குள் இருந்த அறிவு நூற்றுக்கணக்கான ஆலைகளுக்குப் பரவியது.

அறிவு மட்டும் இருந்தால் போதுமா? முதல் இல்லாதவர் தொழில் தொடங்குவது எப்படி? இங்குதான் அரசாங்கத்தின் பங்கு வெளிப்பட்டது. வெளிநாட்டு வணிகர் அனுப்பும் கொள்முதல் உறுதிக் கடிதத்தையே பிணையாக ஏற்று, துணி இறக்குமதி செய்ய வங்கிகள் கடன் வசதி அளித்தன. ஏற்றுமதி ஆடைக்காக இறக்குமதியாகும் துணிக்குச் சுங்கவரி இல்லை என்றும் அரசாங்கம் விதித்தது. இதனால், கையில் பெரும் பணமில்லாதவரும் தையல் ஆலை தொடங்க முடிந்தது. வெளிநாட்டு முதலீடு விதையானால், இத்தகைய உள்நாட்டுக் கொள்கைகளே அவ்விதை முளைப்பதற்கான மண்ணும் நீரும் ஆகும்.

இதன் பயன் குடும்பங்களுக்குள்ளும் புகுந்தது. அதுவரை வீட்டு வேலைகளிலேயே கட்டுண்டிருந்த கிராமத்துப் பெண்கள், முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றனர். ஆலைகளுக்கு அருகிலுள்ள கிராமங்களில் சிறுமிகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் பயில்வதையும் அவர்களின் திருமணம் தள்ளிப்போவதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கணக்குப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஆலையில் நல்ல வேலை கிடைக்கும் என்பதைப் பெற்றோர் உணர்ந்தது இதற்கு ஒரு காரணம். 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய பாதி மக்கள் வறுமைக்கோட்டின்கீழ் வாழ்ந்த நாட்டில், 2022இல் அவ்விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வேளாண்மை வளர்ச்சியும் வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் இதற்குத் துணைநின்றன என்றாலும், ஆடைத்தொழிலின் பங்கை மறுப்பதற்கில்லை.

எனினும், வணிகம் என்றாலே வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. இதே மண்ணின் பழைய வரலாறு அதற்குச் சான்று. ஒரு காலத்தில் டாக்காவின் மஸ்லின் துணி உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், வங்கத் துணிகள் பிரிட்டனுக்குள் நுழைய உயர்ந்த வரி விதிக்கப்பட்டது. பிரிட்டனின் இயந்திரத் துணிகளோ குறைந்த வரியில் வங்கத்திற்குள் குவிந்தன. நெசவாளர்கள் பிழைப்பிழந்தனர். அப்போதும் நடந்தது வணிகமே. அதன் விதிகளை எழுதிய கை மட்டுமே வேறு. தனக்கான விதிகளைத் தானே வகுக்கும் உரிமை இல்லாத நாட்டில், வணிகம் வளத்தைக் கொண்டுவருவதைவிட வெளியே கொண்டுபோவதே அதிகம்.

விடுதலை பெற்ற நாட்டிலும் விதிகள் தூங்கினால் விபரீதம் நேரும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், டாக்கா அருகிலுள்ள சாவாரில் ‘ராணா பிளாசா’ எனும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதன் மேல்தளங்கள் முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. முதல்நாளே சுவர்களில் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று நிறுத்தியது. ஆனால், மேலே இயங்கிய தையல் ஆலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வருமாறு வற்புறுத்தப்பட்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். குறித்த நாளில் சரக்கு கப்பலேற வேண்டும் என்ற அவசரமும், குறைந்த விலைக்கே தைத்துத் தர வேண்டும் என்ற போட்டியும், கண்காணிக்க வேண்டியவர்களின் அலட்சியமும் ஒன்றுசேர்ந்ததன் விளைவே அப்பேரிடர்.

அதன் பிறகு, வங்காளதேச ஆடைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று வெளிநாடுகளில் சிலர் குரல் கொடுத்தனர். அவர்களின் இரக்கம் உண்மையானதே. ஆயினும், வாங்குவோர் விலகிச் சென்றால் முதலில் வேலை இழப்பவர், அந்தச் சம்பளத்தை நம்பித் தம்பியையோ தங்கையையோ பள்ளிக்கு அனுப்பும் தையல்காரப் பெண்தான். நோயைத் தீர்க்க வேண்டுமேயன்றி நோயாளியை விரட்டுதல் தகாது.

அதற்கான வழியும் கண்ணெதிரே தெரிந்தது. அவ்வாண்டே, பல வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் இணைந்தன. பொறியாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தனர். தீத்தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. வலுவற்ற தூண்கள் வலுவூட்டப்பட்டன. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது. வணிகமும் நிற்கவில்லை, ஏற்றுமதி தொடர்ந்து வளர்ந்தது. பாதுகாப்புக்குச் செலவிட்டால் தொழில் படுத்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு இது தக்க மறுமொழியாகும்.

சிக்கல்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று கூறிவிட முடியாது. 2023இல் தொழிலாளர்கள் 23,000 டாக்கா குறைந்தபட்சச் சம்பளம் கேட்டுப் போராடினர். அறிவிக்கப்பட்டதோ 12,500 டாக்கா. வடிவமைப்பும் வணிகப் பெயரும் வெளிநாட்டவரிடமே இருப்பதால், விற்பனை விலையின் பெரும்பகுதி தைத்தவருக்குச் சேர்வதில்லை. மேலும், ஒரே தொழிலை நம்பியிருக்கும் நாடு, உலகச் சந்தை தும்மினால் தானும் காய்ச்சலில் படுக்க நேரிடும். எனவே, ஆடையோடு மற்றத் தொழில்களையும் வளர்ப்பது வங்காளதேசத்தின் முன் நிற்கும் அடுத்த கடமையாகும்.

ஆகவே, ஒரு வறிய நாடு அந்நிய முதலீட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கண்மூடி வரவேற்கவும் வேண்டாம். எத்தனை கோடி வந்தது என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வந்தவர்கள் போனபின் நம் மக்களிடம் எந்தத் திறன் தங்கும்? உழைப்போரின் உயிருக்கும் ஊதியத்திற்கும் யார் பொறுப்பு? இத்தொழில் நலிந்தால் கைகொடுக்க வேறு தொழில் உண்டா? இவற்றுக்கு விடை வைத்திருக்கும் நாட்டிற்கு முதலீடு ஏணியாகும். தென்கொரியாவிலிருந்து திரும்பிய அந்த 130 பேர் கொண்டுவந்தது பணப்பெட்டியன்று. எவராலும் திரும்பப் பெற முடியாத தொழிலறிவு. வங்காளதேசத்தின் உயர்வு அங்கிருந்துதான் தொடங்கியது.