பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிள்ளை

திண்டுக்கல்லில் மாசி பிறந்தாலே கோட்டை மாரியம்மன் திருவிழாப் பேச்சுதான். பூச்சொரிதல் என்றைக்கு, தசாவதாரம் என்றைக்கு என்று டீக்கடையில் நாள் எண்ணுவார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் ராட்டினச் சாமான் ஏற்றிய லாரி ஒன்று கண்ணில் பட்டால் போதும், தங்கச்சி மகளின் இடது முழங்கை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அது நடந்தது இங்கே இல்லை. மாவட்டத்தின் இன்னொரு கோடியில், ஒரு கிராமத்துத் திருவிழாவில், மூன்று வருடத்துக்கு முன்பு. பிள்ளைக்கு அப்போது 14 வயது. பிரேக் டான்ஸ் ராட்டினத்தில் ஏறினாள். மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ மடிக்குக் குறுக்கே இருந்த கம்பி திறந்துகொண்டது. பலகை மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டாள்.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொல்வேன். அப்படிப்பட்டவன் பிள்ளையை ஏற்றிவிடுவதற்கு முன் அந்தக் கொண்டியைக் குனிந்து பார்க்கவில்லை. விழுந்த பிறகுதான் பார்த்தேன். கம்பியைப் பூட்டும் இடத்தில் பின் இல்லை. அதற்குப் பதிலாக, கட்டடக் கம்பி வேலைக்காரர்கள் கம்பியைக் கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கி விட்டிருந்தார்கள். பூட்டுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவதற்குள் ராட்டினக்காரர் வந்துவிட்டார். என் மாப்பிள்ளையை வராந்தா ஓரமாகக் கூட்டிப் போய் ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்தார். "போலீஸ் கேஸாயிட்டா திருவிழாவே நின்னுரும்ணே. ஊர்க்காரங்க உங்களத்தான் ஏசுவாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துருச்சுன்னு சொல்லிருங்க, மேக்கொண்டு செலவ நான் பாத்துக்கிறேன்" என்றார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஒற்றை வரி.

எலும்பில் பிளேட் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அதை எடுக்க இன்னோர் ஆபரேஷன். முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது. குடத்தை இடுப்பில் வைக்க வலது பக்கத்துக்குப் பழகிக்கொண்டாள். மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ராட்டினக்காரரின் போன் இரண்டாம் மாதமே அணைந்துவிட்டது. ஒன்றே முக்கால் வருடம் போன பிறகு, போனால் போகட்டும் என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது ஏ.ஆர். காப்பி, அதாவது அந்த விபத்துப் பதிவேட்டின் நகல். படித்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தார். "ராட்டினம்னு இதுல ஒரு எழுத்துக்கூட இல்லையேய்யா. டிக்கெட்டாவது இருக்கா?" டிக்கெட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டாயிற்று. "கேஸ் போட இன்னும் மூணு மாசம் டயம் இருக்கு. ஆனா எத வச்சுப் போடுறது?"

நான் தலையாட்டிய அந்த ஒரு நொடிதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

இதே பிள்ளையை ஒரு மினி பஸ் இடித்திருந்தால் கதையே வேறு. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்து வழக்குக்கென்றே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. அதில் பழகிய வக்கீல்கள் கோர்ட் வாசலிலேயே கிடைப்பார்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று மத்திய அரசு 2022 முதல் வைத்திருக்கிறது. ராட்டினத்துக்கு இதில் எதுவும் கிடையாது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று 1991-இல் ஒன்று கொண்டுவந்தார்கள். போபாலுக்குப் பிறகு வந்தது அது, ஆபத்தான ரசாயனங்களைக் கையாளுகிறவர்களுக்குத்தான் பொருந்தும். பத்து டன் இரும்பை மனிதர்களோடு சேர்த்துச் சுற்றுகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஆனால் ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது. நுகர்வோர் ஆணையம். மிக்ஸி ரிப்பேர், செல்போன் தகராறுக்குப் போகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 60 ரூபாய் கொடுத்து ராட்டினத்தில் ஏறுகிறவரும் சட்டப்படி ஒரு சேவையை வாங்கிய நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது, எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, சேவைக்குக் கொடுத்த காசை வைத்துத்தான். கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அறுபது ரூபாய் டிக்கெட்காரர் பத்து லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே, ஒரு பைசா கட்டாமல் மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதும் இந்தச் சட்டத்தில் வந்ததுதான். சென்னைக்குச் சுற்றுலா போன இடத்தில் அடிபட்டிருந்தாலும் வழக்கைத் திண்டுக்கல்லில் நடத்தலாம். கெடு இரண்டு வருடம்.

நிறையப் பேர் "அதான் போலீஸ் கேஸ் போட்டாச்சே" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. குற்ற வழக்கில் விதிக்கும் அபராதம் கஜானாவுக்குப் போகும். நீதிபதியாகப் பார்த்து உத்தரவிட்டால்தான் அடிபட்டவருக்கு ஏதாவது வரும். ஆனாலும் முதல் தகவல் அறிக்கை முக்கியம். எங்கே, எப்படி நடந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

டிக்கெட்டின் பின்பக்கம் 'விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்களே, அதைப் படித்ததும் பாதிப் பேர் சோர்ந்துபோகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1960-களில் ஒரு சலவைக்கடை வழக்கு நடந்தது. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி என்பார்கள், சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மனப்பாடம். வெளுக்கப் போட்ட புதுப் புடவை தொலைந்துவிட்டது. ரசீதின் பின்னால் அச்சிட்டிருந்த நிபந்தனையைக் காட்டி, மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்றது கடை. அப்படியொரு நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்றது நீதிமன்றம். தொலைந்த புடவைக்கே அந்த நியாயம் என்றால் முறிந்த முழங்கைக்கு இல்லாமல் போகுமா?

யார் தவறு என்று நிரூபிப்பதும் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒழுங்காகப் பராமரித்த மெஷினில் ஓடும்போது கம்பி தானாகத் திறக்காது. திறந்தது என்றால் அதுவே சாட்சி. நாங்கள் ஷெட்டில் சொல்வதைத்தான் கோர்ட்டிலும் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். ஏன் திறந்தது என்று விளக்கவேண்டிய பொறுப்பு அப்போது மெஷினை ஓட்டியவர் தலையில் விழும்.

விபத்துகள் புதிதல்ல. 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டபோது ஊழியர் ஒருவர் செத்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊஞ்சல் ராட்டினத்தின் தண்டு முறிந்து உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் மொகாலி பொருட்காட்சியில் ஆட்களோடு மேலே போன கோபுர ராட்டினம் பொத்தென்று தரையில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் வீடியோ இருக்கிறது. ஒரு வாரம் எல்லாப் போனிலும் ஓடும், அடுத்த வாரம் வேறு வீடியோ.

கேளிக்கை ராட்டினங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 15475 என்ற எண்ணில் தரநிலை வைத்திருக்கிறது. எங்கள் திருவிழாத் திடலில் அந்த எண்ணைக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஆட்டோவுக்கு எஃப்.சி. இல்லாமல் ரோட்டுக்கு வர முடியாது. ராட்டினம் ஊருக்கு ஊர் கழற்றி, லாரியில் குலுங்கி, மறுபடி மாட்டப்படுகிற சாமான். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் அது புது மெஷின். இது ஃபிட்டருக்குத் தெரியும், அனுமதி கொடுக்கிறவர்களுக்கும் தெரியவேண்டும்.

ராட்டினக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்றே சொல்வேன். பத்து நாள் திருவிழாவில் மூன்று நாள் மழை பெய்தால் அவர்களுக்கு வட்டி கட்ட முடியாது. மெஷினுக்கு அடியிலேயே படுத்துத் தூங்குகிற பையன்களுக்கும் அதே கட்டுக்கம்பிதான் கதி. அதனால்தான் காப்பீட்டைப் பிடித்துத் தொங்குகிறேன். ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுத்தால் ஒரு ரூபாய்கூட இல்லாத பிரீமியத்தில் 10 லட்சம் வரை காப்பீடு தருகிறார்கள். அறுபது ரூபாய் டிக்கெட்டில் ஒரு ரூபாயை ஒதுக்கினால் ராட்டினக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகப் போனை அணைத்துவிட்டு ஓடவேண்டியதில்லை. காப்பீட்டுச் சான்றும், மாட்டி முடித்தபின் பொறியாளர் பார்த்துக் கொடுத்த சான்றும் கையில் இல்லாமல் திடலில் ஒரு போல்ட்கூட முடுக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போடட்டும்.

போன வாரம் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஒரு திடலுக்குப் போனேன். முப்பது வயதுப் பையன், மேஸ்திரி போல. "தம்பி, இன்சூரன்ஸ் இருக்கா?" என்றேன். சட்டென்று கேபினுக்குள் ஏறி பிளாஸ்டிக் கவரோடு இறங்கினான். பாலிசி, எஃப்.சி., பெர்மிட், புகைச் சான்று, எல்லாம் தேதி தாண்டாமல் அடுக்காக இருந்தன. "பாத்துக்கங்கய்யா, எல்லாம் கரெக்டா இருக்கும்" என்றான். வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் லாரிக்கு.