பருவம் தவறினால்

திருமணமாகி மூன்று வருடத்தில் தொட்டில் ஆடவில்லை என்றால் இந்தியக் குடும்பங்களில் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகப்படுவது மனைவி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில், அரசமரம் எல்லாம் சுற்றி முடித்த பிறகுதான் கணவன், அதுவும் தயங்கித் தயங்கி, விந்துப் பரிசோதனைக்குச் சம்மதிப்பான். குழந்தையின்மையால் தவிக்கும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் விஷயத்தில் ஆணிடமும் குறை இருக்கிறது என்பது மருத்துவ உலகில் பழைய செய்தி. ஆனால் அந்தப் பரிசோதனைச் சீட்டு சொல்வது கடைசி மதிப்பெண்ணை மட்டுமே. ஒரு மில்லி லிட்டரில் இத்தனை லட்சம் விந்தணுக்கள், அவற்றில் இத்தனை நீந்துகின்றன. ஏன் குறைவு என்ற கேள்விக்கு அதில் இடம் கிடையாது. பல சமயங்களில் காரணம் அந்த ஆளுக்கே நினைவில்லாத வயதில் நடந்து முடிந்திருக்கிறது.

மக்கள் விதை என்று சொல்லும் விந்தகம், மற்ற உறுப்புகளில் காணாத, தனக்கே உரிய புரதங்களை ஏராளமாகத் தயாரிக்கும் உறுப்பு. மனித உடலின் திசுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2015ல் வெளியிட்ட புரத வரைபடத்தில், இந்த விஷயத்தில் மூளையையே விந்தகம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. எண்ணிக்கையை விட சுவாரசியமானது வரிசை. எந்தப் புரதம் எப்போது வர வேண்டும், எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதில் பாலூட்டிகளின் விந்தகம் காட்டும் கண்டிப்பு ரயில்வே கால அட்டவணையிலும் காணக் கிடைக்காதது.

தொடக்கமே அப்படித்தான். கருவில் ஆறு வாரம் வரை ஆண், பெண் என்ற பேதம் இந்த உறுப்புக்கு இல்லை. சினைப்பையாகவும் மாறலாம், விந்தகமாகவும் மாறலாம். முடிவு செய்வது ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு. லண்டன் விஞ்ஞானிகள் 1990ல் இதை அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டே பெண் எலிக் கருவில் அதைச் செலுத்தி ஆண் எலியாக வளர வைத்தார்கள். (அந்த எலியால் தகப்பனாக முடியவில்லை. விந்தணு உருவாக வேறு மரபணுக்களும் வேண்டும்.) இந்த மரபணு தயாரிக்கும் புரதம் வெறும் 204 அமினோ அமிலங்கள் நீளம். எலிக் கருவில் பத்தாம் நாளுக்கு மேல் தலைகாட்டி, சாக்ஸ்-9 என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பிவிட்டு, இரண்டு நாளில் மறைந்துவிடுகிறது. அதன் பேச்சு எடுபடும் நேரம் எவ்வளவு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் அளந்து பார்த்தார்கள். சுமார் ஆறு மணி நேரம். அதைத் தாண்டி வந்தால் யாரும் கேட்பதில்லை. உறுப்பு சினைப்பையாகும் வழியில் போய்விடுகிறது.

சாக்ஸ்-9 எழுப்பிவிடும் செல்களுக்கு செர்டோலி செல்கள் என்று பெயர். 1865ல் இவற்றை விவரித்த இத்தாலியரான என்ரிகோ செர்டோலியின் நினைவாக வைத்தது. பிற்காலத்தில் விந்தணுக்களுக்கு ஊட்டி வளர்க்கும் செவிலித்தாய்கள் இவைதான். ஆனால் கருவில் இவற்றின் முதல் வேலை இடிப்பது. எல்லாக் கருவிலும் கர்ப்பப்பையாக வளரக்கூடிய ஒரு குழாய் இருக்கிறது. பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1947ல் முயல் கருக்களின் விந்தகங்களை நீக்கிப் பார்த்தபோது ஆண் கருக்களிலும் அந்தக் குழாய் பெண்ணுக்குப் போலவே வளர்ந்தது. ஆண் ஹார்மோனை வைத்துப் பார்த்தார். ஆண் குழாய் பிழைத்தது, பெண் குழாயும் அழியவில்லை. ஆகவே விந்தகம் வேறு எதையோ சுரக்கிறது என்று முடிவு கட்டினார். அந்த ‘எதையோ’தான் ஏ.எம்.ஹெச். இன்று கருத்தரிப்பு மையங்களில் பெண்களின் சினைமுட்டைக் கையிருப்பை அளக்க எழுதிக் கொடுக்கும் அதே ஏ.எம்.ஹெச். பரிசோதனையில் தேடப்படும் புரதம். ஆண் கருவில் இது வேலை செய்யாமல் போனால், குடலிறக்க ஆபரேஷனுக்காக வயிற்றைத் திறக்கும் டாக்டர் ஓர் ஆணுக்குள் கர்ப்பப்பையைப் பார்த்துத் திகைக்க நேரிடும். இந்தியாவிலிருந்தும் இத்தகைய கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பிறந்த பிறகு விந்தகம் சும்மா இருப்பதாகத் தோன்றும். அது வெளித்தோற்றம். முதல் மூன்று மாதங்களில் ஆண் குழந்தையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் திடீரென்று உயர்ந்து அடங்குகிறது. ஒரு குட்டிப் பருவம். கருவிலிருந்து காத்திருக்கும் ஆதி செல்கள், வாழ்நாள் முழுவதும் விந்தணுக்களுக்கு மூலமாக இருக்கப்போகும் செல்களாக முதிர்வது இதையொட்டித்தான். செர்டோலி செல்களும் குழந்தைப் பருவத்தில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. வயதுக்கு வந்ததும் பெருக்கம் நின்றுவிடும். ஒவ்வொரு செர்டோலி செல்லும் இத்தனை விந்தணுக்களைத்தான் போஷிக்க முடியும் என்ற அளவு இருப்பதால், பிற்காலத்தில் ஒருவனின் அதிகபட்ச விந்தணு உற்பத்தி மீசை முளைக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1991ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை வேடிக்கையாக நிரூபித்தது. பிறந்த எலிக் குட்டிகளின் தைராய்டைச் சில வாரங்கள் மந்தப்படுத்தியதும் செர்டோலி செல்கள் முதிர மறந்து கூடுதல் நாட்கள் பெருகின. வளர்ந்த பின் அந்த எலிகளின் விந்தகங்கள் 80 சதவீதம் வரை பெரிதாக இருந்தன.

பருவ வயதில் காட்சி மாறுகிறது. செர்டோலி செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிணைத்து ஒரு மதில் எழுப்புகின்றன. காரணம் இருக்கிறது. விந்தணுக்களின் புரதங்கள் முதல்முறையாக உற்பத்தியாவது அந்த வயதில்தான். குழந்தையிலேயே நம்மவர், அந்நியர் என்று கணக்கெடுத்து முடித்துவிட்ட நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு இவை எல்லாம் அந்நியர். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் தங்கள் விந்தணுக்களையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் காணப்படுவது இதனால்தான்.

மதிலுக்கு உள்ளேயும் அதே கண்டிப்பு. விந்தணுவின் தலைக்குள் மரபுச் சரத்தை இறுக்கிச் சுருட்ட புரோட்டமின் என்ற புரதம் வருகிறது. (1874ல் ரைன் நதி சால்மன் மீனின் விந்திலிருந்து ஃபிரெடரிக் மீஷர் பிரித்தெடுத்தது.) சுருட்டிய பிறகு எந்த மரபணுவையும் படிக்க முடியாது என்பதால் புரோட்டமினுக்கான உத்தரவு முன்கூட்டியே எழுதப்பட்டு, எலியில் ஏறத்தாழ ஒரு வாரம் பிரிக்காமல் வைக்கப்படுகிறது. 1995ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சில எலிகளில் அந்த உத்தரவைச் சீக்கிரமே பிரிக்க வைத்தார்கள். அதே புரதம்தான், சில நாள் முன்னதாக. விந்தணு வளர்ச்சி பாதியில் நின்று எலிகள் மலடாயின.

இவை எல்லாம் சோதனைச்சாலை சமாசாரங்கள். ஆனால் கால அட்டவணையின் ஒரு தவறு மட்டும் சாதாரண வீடுகளில், விரலால் தொட்டுப் பார்த்தே தெரியக்கூடியது. விந்தகம் உருவாவது வயிற்றுக்குள். அதைக் கீழே இறக்கத் தொடங்கும் புரதம் இன்ஸ்ல்-3. அது இல்லாத எலிகளுக்கு இரண்டு விந்தகங்களும் வயிற்றிலேயே தங்கிவிடுவதை 1999ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. யானைக்கு விந்தகம் கடைசி வரை வயிற்றுக்குள்தான். அந்தச் சூட்டிலும் அதற்குக் கன்று பிறக்கிறது. மனிதனுக்கு அந்தச் சலுகை இல்லை. உடல் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைந்தால்தான் வேலை நடக்கும்.

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு ஒரு விந்தகமாவது இறங்கியிருப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இது பல மடங்கு. பெரும்பாலும் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டினால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ‘வளர வளர இறங்கிடும்’ என்ற ஆறுதல் வார்த்தை அதற்குப் பிறகு ஆபத்தானது. ஸ்டாக்ஹோமில் ஒரு விந்தகம் இறங்காத சிறுவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதத்திலும் மற்றதற்கு மூன்று வயதிலும் ஆபரேஷன் செய்தார்கள். சீக்கிரம் செய்தவர்களின் விந்தகம் நன்றாக வளர்ந்தது. மூன்று வயது வரை காத்திருந்தவர்களின் திசுவில் ஆதி செல்களும் செர்டோலி செல்களும் குறைந்திருந்தன. ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 2007ல் வெளியான இன்னொரு ஸ்வீடன் ஆய்வு புற்றுநோயைக் கணக்கெடுத்தது. 13 வயதுக்குள் செய்துகொண்டவர்களுக்கு விந்தகப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு என்றால் ஐந்து மடங்குக்கு மேல். எனவே பெரும்பாலான நாடுகளின் மருத்துவர்கள் ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் குறை என்றால் பின்னாளில் தகப்பனாகும் வாய்ப்பு ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். இரண்டு பக்கமும் என்றால் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது.

இந்தியாவில் பள்ளி வயதில், சில சமயம் கல்யாணத்துக்குப் பிறகும்கூட, இந்தக் குறையோடு வருபவர்களைக் குழந்தை அறுவை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வெட்கம் பாதிக் காரணம். மீதி, யாரும் தேடுவதில்லை. குழந்தைகளைச் சோதிக்க மத்திய அரசு 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் குறைகள் ஒன்பது. பிளவுபட்ட உதடு உண்டு, வளைந்த பாதம் உண்டு, கண்புரை உண்டு. இறங்காத விந்தகம் இல்லை.

இத்தனைக்கும் இதற்கு ஸ்கேன் வேண்டாம். குளிரில் விந்தகம் தானே மேலேறிக்கொள்ளும் என்பதால், கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு வெந்நீர் வார்க்கும் பாட்டிக்கு எந்த டாக்டரையும் விட இதற்கு வசதி அதிகம். தடுப்பூசிக்காக ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் குழந்தை எப்படியும் நர்ஸின் முன்னால் துணி விலக்கிப் படுக்க வைக்கப்படுகிறது. ஊசி தொடையில் இறங்குகிறது, அட்டையில் தேதி எழுதப்படுகிறது, துணி மறுபடி மூடப்படுகிறது.