இல்லாமை செதுக்கிய தீவுகள்



சுற்றுலா என்றவுடன் நம்மில் பலருடைய நினைவுக்கு வருவன பெரிய நகரங்களும், ஒளிமிகுந்த கடைவீதிகளும், உயர்ந்த மாளிகைகளுமே. ஆனால் மரம் என்பதே அரிதாய், காற்று ஓயாது வீசுவதாய், குளிர்காலத்தில் பகற்பொழுது ஆறுமணி நேரத்தில் முடிந்துவிடுவதாய் உள்ள சில சிறு தீவுகளைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் திரண்டு செல்கின்றனர். ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடிக்கு அப்பால் கடலில் சிதறிக் கிடக்கும் ஆர்க்னி, ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டங்களே அவை. இத்திங்கள் அங்குச் சென்று வருவோம்.

பயணத்தின் ஒழுங்கு

பத்துப் பதினைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஒருவருடன் தீவுக்குத் தீவு தாவிச் செல்வது இங்குள்ள வழக்கம். மே முதல் ஜூலை வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை. ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்தில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆர்க்னியின் ஸ்ட்ராம்னஸ் நகரை அடையலாம். ஆர்க்னியில் ஏறத்தாழ 70 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்வன 20 அளவே. அதன் தலைநகரான கிர்க்வாலில் இரவு கப்பலேறினால், மறுநாட்காலை ஷெட்லாந்தின் லெர்விக் நகரில் இறங்கலாம். வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்குச் செல்லும் விமானம் இரண்டு நிமிடத்திற்குள் தரையிறங்கிவிடும். உலகில் கால அட்டவணைப்படி பறக்கும் விமானப் பயணங்களுள் மிகக் குறுகியது இதுவே.

கல்லே கட்டிலானது

வழிகாட்டி முதலில் அழைத்துச் செல்வது ஸ்காரா பிரே என்னும் கற்காலச் சிற்றூருக்கு. கி.மு. 3180 அளவில் மக்கள் குடியேறி, ஏறக்குறைய 600 ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது. எகிப்தின் கீசா கோபுரங்களுக்கும் முந்தியது. மணல் மூடிக் கிடந்த அவ்வூரை 1850 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அடித்த ஒரு பெரும்புயலே உலகிற்குத் திறந்து காட்டியது.

அவ்வீடுகளுள் காணும் காட்சி நெஞ்சைத் தொடுவதாகும். நடுவில் அடுப்பு, இருமருங்கும் படுக்கைகள், வாயிலுக்கு எதிரே பொருள்களை அடுக்கி வைக்கும் தட்டுகள். அனைத்தும் கல்! கட்டிலுக்குப் பலகை அறுக்க மரமில்லை. ஆகவே மெல்லிய பாளங்களாகப் பிளக்கும் அவ்வூர்க் கல்லைக் கொண்டே கட்டில் அமைத்தனர். மரம் தாராளமாகக் கிடைத்திருந்தால் அக்கட்டில்கள் என்றோ மக்கி மண்ணாகியிருக்கும். 5000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் எங்கே உறங்கியது, எங்கே உணவு சமைத்தது என்பதை நாம் இன்று காண முடிகிறதென்றால், அன்றைய இல்லாமையே அதற்குக் காரணம்.

அருகிலேயே மேஸ் ஹோவ் என்னும் கல்லறை மேடு உள்ளது. குனிந்து செல்ல வேண்டிய நீண்ட நடைவழி வாயிலாகவே உள்ளே நுழைய முடியும். ஆண்டிலே பகல் மிகக் குறுகிய டிசம்பர் நாள்களில், மறையும் கதிரவனின் ஒளி அவ்வழியே ஊடுருவிப் பின்சுவரைத் தொடுமாறு கட்டியிருக்கின்றனர். 12 ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த நார்வே நாட்டவர், 30க்கும் மேற்பட்ட இடங்களில் தங்கள் ரூன் எழுத்துகளைச் சுவரில் கீறிச் சென்றனர். கண்ட இடமெல்லாம் பெயரெழுதும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று போலும்!

சீதனத்தால் கைமாறிய நாடு

நார்வே நாட்டவர் இங்கே எப்படி வந்தனர் என்று கேட்பீர்கள். பல நூற்றாண்டுகள் இத்தீவுகள் அவர்களுடைய ஆட்சியிலேயே இருந்தன. டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளின் மன்னரான முதலாம் கிறிஸ்டியான் தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடிக்க இசைந்தார். பேசிய சீதனத்தை அவரால் கொடுத்து முடிக்க இயலவில்லை. ஆகவே 1468இல் ஆர்க்னியையும், 1469இல் ஷெட்லாந்தையும் ஈடாக வைத்தார். ஈடு மீட்கப்படவேயில்லை. சீதனக் கடனால் குடும்பங்கள் நிலமிழப்பதை நாம் கண்டிருக்கிறோம். இங்கோ இரண்டு தீவுக்கூட்டங்களே போயின. இன்றும் அத்தீவுகளின் ஊர்ப்பெயர்களில் நார்வே மொழி ஒலிக்கிறது.

சுவருக்குள் ஒலிக்கும் பறவை

ஷெட்லாந்தில் மூசா என்னும் ஆளில்லாத் தீவு ஒன்று உண்டு. அங்கே 2000 ஆண்டுப் பழமையுடைய வட்டக் கற்கோபுரம் ஒன்று 13 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சாந்து பூசாது அடுக்கிய அதன் கல்லிடுக்குகளில் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கடற்பறவை கூடு கட்டுகிறது. ஏறத்தாழ 25 கிராம் எடையே உள்ள சிற்றுயிர் அது. குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் கழித்துவிட்டு, முட்டையிட இங்கே திரும்புகிறது. பகலில் வெளிவந்தால் பெரிய பறவைகளுக்கு இரையாகிவிடும். ஆகவே ஒன்று முட்டையைக் காத்து உள்ளிருக்க, கடலுக்குச் சென்ற துணை இருள் சூழ்ந்த பின்னரே வீடு திரும்பும்.

கோடையில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ 19 மணி நேரம். நள்ளிரவிலும் மங்கிய வெளிச்சம் நிலவும். அந்நேரத்தில் படகில் வந்து இறங்கும் குழுவினர் வாய்மூடி நிற்க, பழங்கோபுரத்தின் சுவர்களே முணுமுணுப்பதுபோல் பறவைகளின் குரல் எழும். விளக்கொளியைப் பாய்ச்சாதீர், சுவரைத் தொடாதீர் என்று வழிகாட்டி முன்னரே சொல்லிவிடுவார். அக்கட்டளைக்குக் காரணம் உண்டு. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பரவிய பறவைக் காய்ச்சலால் இத்தீவுகளில் ஸ்குவா என்னும் பெரிய கடற்பறவைகள் பெருந்தொகையாய் மடிந்தன. மிஞ்சியவற்றை அச்சுறுத்தாதிருப்பது வருகின்ற விருந்தினரின் கடமையன்றோ?

தகரத்தில் ஏற்றிய விளக்கு

நம் வாசகர்கள் தவறாது காண விழையும் இடம் லாம் ஹோம் என்னும் குட்டித் தீவில் உள்ளது. 1939 அக்டோபர் 14 அன்று, ஸ்காபா புளோ துறைமுகத்தில் நின்ற ராயல் ஓக் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பகைவர் மீண்டும் புகாதவாறு தீவுகளுக்கிடையே கற்காரைத் தடுப்புகள் எழுப்ப முற்பட்டனர். 1942இல் இத்தாலியப் போர்க்கைதிகள் அவ்வேலைக்குக் கொணரப்பட்டனர்.

வேற்று நாட்டில், கடுங்குளிரில் வாடிய அவர்கள் வேண்டியது ஓர் ஆலயம். கிடைத்தவையோ இரண்டு இரும்புத் தகட்டுக் கொட்டகைகள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தனர். கற்காரையில் பலிபீடம் வார்த்தனர். இறைச்சி வந்த தகரக் குவளைகளை வெட்டி விளக்குகள் செய்தனர். ஜூசெப்பே பலும்பி என்னும் கொல்லர் இரும்பில் அழகிய தடுப்புத் திரை அமைத்தார். டொமெனிக்கோ கியொக்கெட்டி என்னும் ஓவியர், தம் தாய் தந்தனுப்பிய சிறு படத்தைப் பார்த்துப் பீடத்தின் மேல் தேவமாதாவையும் குழந்தை இயேசுவையும் வரைந்தார். 1944இல் தோழர்கள் வெளியேறிய பின்னும், தொடங்கிய வேலையை முடித்துவிட்டுச் செல்வதற்காக அவர் தங்கினார். 1960இல் திரும்பி வந்து மங்கிய வண்ணங்களைப் புதுப்பித்தார். அன்று பகைவராயிருந்த தீவு மக்களே இன்றுவரை அவ்வாலயத்தைப் பேணி வருகின்றனர். அங்குத் திருப்பலியும் நிறைவேற்றப்படுகிறது.

ஒரு கல்லை எடுத்து வைப்போம்

ஸ்காரா பிரேயைத் திறந்து காட்டிய கடலே இன்று அதை விழுங்கவும் காத்திருக்கிறது. 1920களில் எழுப்பத் தொடங்கிய தடுப்புச்சுவர் அதனைக் காத்து நிற்கிறது. ஆயினும் கடல் மட்டம் உயர்கிறது, கரை கரைகிறது. வருவோரின் காலடிகளால் பழங்கல் வட்டங்களைச் சுற்றியுள்ள புல்லும் தேய்கிறது. பயணிகள் வராவிடில் சிற்றூர்களுக்கு வருவாய் குறையும். அளவின்றி வந்தாலோ காண வந்த பொருளே சிதையும். இந்த இக்கட்டுக்கு ஒரு சிறு தீவு நல்ல விடையொன்று வைத்திருக்கிறது.

நார்த் ரொனால்ட்சே தீவின் செம்மறியாடுகள் கடற்பாசியை உண்டு வாழ்பவை. குட்டி ஈனும் பருவம் தவிர, மற்றக் காலமெல்லாம் அவை கடற்கரையிலேயே திரியும். வற்றும் கடலைக் கணக்கிட்டே மேயும். அவை புல்வெளிக்குள் புகாதவாறு 1832இல் தீவைச் சுற்றி 20 கிலோமீட்டர் அளவிற்குக் கற்சுவர் எழுப்பினர். செம்புச்சத்தை மிகுதியாக உடலில் ஏற்றுக்கொள்ளும் அவ்வாடுகளுக்கு நெடுநாள் புல் மேய்ச்சல் நஞ்சாகும். ஆகவே சுவர் இடிந்தால் அவ்வினத்திற்கே ஆபத்து. புயல் அதனை அடிக்கடி சரிக்கிறது. எடுத்துக் கட்டவோ அங்கு வாழ்வோர் அறுபது பேர் அளவே. ஆகவே கோடையில் வெளியூரார் வந்து தங்கி, தீவாரோடு தோள்சேர்ந்து கற்களை அடுக்கித் தருகின்றனர்.

குடும்பமாகச் சுற்றுலா செல்லும் பெற்றோரே, அருகிலுள்ள சிற்றூருக்குச் சென்றாலும் இதனை மனத்திற் கொள்ளுங்கள். அவ்வூரை அறிந்த பெரியவர் ஒருவரின் சொற்கேட்டு நடக்கப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். அவர்கள் சுவரில் பெயரெழுதித் திரும்ப வேண்டாம். சரிந்த சுவரில் ஒரு கல்லையேனும் எடுத்து வைத்துத் திரும்பட்டும்.